ஒரே சீராக அடித்த நெஞ்சு

மாப்ள,

இன்று காலை குளிக்கும்போது நெஞ்சில் ஐந்து வட்டம் தெரிந்தது. ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்த தடம், ஓரத்தில் கறுத்த பசை. சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு உருட்டி உருட்டி எடுத்தேன். அந்தப் பசைக்கு ஒரு வாடை உண்டு, பாதி ஆஸ்பத்திரி, பாதி பஞ்சர் கடை. உன் நெஞ்சிலிருந்து அந்த வில்லைகளைப் பிய்த்த அன்று பக்கத்தில் நின்று மோந்த அதே வாடை.

ஆமாம், எனக்கும் மாட்டிவிட்டார்கள். பத்து நாளாகக் கொஞ்சம் தலைசுற்றல். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிகிற அந்தக் குட்டி மெஷின், உனக்குப் பார்த்த அதே டாக்டரம்மா. முடிவும் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் கதையைச் சொல்லாமல் என் கதை விளங்காது.

காரிமங்கலத்தில் இருபத்திரண்டு வருஷம் நாம் எதிரெதிர்க் கடை. இரண்டு பேருக்கும் புளி வியாபாரம். நல்ல லோடு ஒன்று நான் பிடித்தால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நீ பிடித்தால் எனக்குச் சோறு இறங்காது. சாயந்திரம் டீ மட்டும் ஒன்றாகக் குடிப்போம். இது என்ன சிநேகிதம் என்று கடைத்தெருவுக்கு விளங்கினதே இல்லை.

நல்லம்பள்ளிப் பக்கமிருந்து எனக்கு வந்த நாற்பது மூட்டை நினைவிருக்கிறதா? பிரித்தால் எல்லாம் ஒரே செக்கச்செவேல். பூரித்துப்போய் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாய்.

"மரத்துல காய்ச்சது ஒன்னு போல ஒன்னு இருக்காதுடா. மூட்டை பூரா ஒரே நிறம்னா எவனோ வேலை பண்ணியிருக்கான். கையை வெக்காத."

பழைய புளிக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். ஒரு மாதம் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினாய். அந்தப் பாடத்தை வியாபாரத்தில் அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை. உன் விஷயத்தில்தான் மறந்துபோனேன்.

உனக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி குறைந்துவிட்டது என்று தருமபுரியில் கண்டுபிடித்து அந்த மெஷினை மாட்டினார்கள். கழற்றிய நர்சம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து, "துடிப்பு ஒரே சீரா ஓடுதுங்க" என்றார். போதாதா நமக்கு? சீர் என்றால் நல்லது, கெட்டுப்போனால் சீர்கேடு, இதுதானே நாம் படித்த தமிழ். வரும் வழியிலேயே அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். "எல்லாம் சீரா இருக்காம்!" என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னது நான்தான். நீயும் அன்றிலிருந்து பாதி மாத்திரையை விட்டுவிட்டு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் திரும்பினாய்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். உன்னை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். டாக்டரம்மா என்னை உள்ளே அழைத்து, "நீங்க யாரு?" என்றார். "தம்பிங்க" என்றேன். பொய்தான். எதிர்க்கடைக்காரன் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

"அந்தத் துடிப்பு ரொம்ப ஒரே சீரா இருக்கு. அதுதான் எனக்குக் கவலை" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காதாம். மூச்சை இழுத்தால் கொஞ்சம் வேகம், விட்டால் கொஞ்சம் மெதுவு. தூங்கினால், நடந்தால், யாரையாவது திட்டினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளி அதற்குத் தக்கபடி கூடிக் குறையவேண்டுமாம். களைத்துப்போன இதயத்தை உடம்பு எந்நேரமும் விரட்டிக்கொண்டே இருக்கும், அதில் இந்த ஏற்ற இறக்க நெளிவு செத்துவிடும். தாறுமாறாக அடிப்பது வேறு நோய், அது இது இல்லை என்றும் சொன்னார். இதே பலவீனம் உள்ளவர்களில் நெளிவு குறைந்தவர்களுக்கு உயிராபத்து கூடுதல்.

"எத்தனை நாளுங்க?"

"தேதி சொல்ற மெஷின் எதுவும் இல்லைங்க. மத்த பரிசோதனையோட சேர்த்துப் பார்த்தா யாரைக் கூடுதலா கவனிக்கணும்னு காட்டும், அவ்வளவுதான். அவர்கிட்ட நானே சொல்றேன்."

"வேணாங்க, நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம்" என்று அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். வாங்கினேனே தவிர, ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஜிலேபி கொடுத்த கையோடு இதை எப்படிக் கொடுப்பது? அந்த மாதத்தில்தான் உன் கால் வீங்கியது. செருப்பு நுழையாமல் நீ கடைப்படி ஏறியதைப் பார்த்த மத்தியானம் எழுந்து உன் கடைக்கு வந்தேன். எதிரில் இருந்த மூட்டையில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, உன் நெஞ்சு ஒரே நிறமா இருக்காம்டா."

நீ ஒரு நொடிதான் யோசித்தாய். "அப்ப கையை வெக்கக் கூடாத சரக்குன்னு சொல்லு."

"சரக்கு இன்னும் கெடலையாம். கூடுதலாப் பாத்துக்கணுமாம்."

"இதைச் சொல்ல ஒரு மாசமாடா உனக்கு? ஜிலேபி மட்டும் அன்னைக்கே வாங்கிட்ட?"

மறுநாளிலிருந்து நீ ஆளே மாறினாய். மாத்திரை தவறவில்லை, உப்பைக் குறைத்தாய். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது, உடனே வா என்று டாக்டரம்மா சொன்னார் என்பதற்காக, தினம் காலையில் புளி நிறுக்கிற தராசில் ஏறி நின்று, எடையை, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதினாய். "இன்னைக்கு என்ன மாப்ள, லோடு கூடுதலா?" என்று நான் எதிரிலிருந்து கத்துவேன். "உன் தராசுன்னா குறைச்சுக் காட்டும்டா" என்பாய்.

அந்த மார்கழியில் ரோட்டோரப் புளியமரங்கள் காய் எடுக்க ஏலத்துக்கு வந்தன. எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கிற நீ, "இந்த வருஷம் நான் வரலை" என்றாய். நான் எடுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய் என்று நினைத்தேன். வேறு மாதிரி நினைக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

நான் சொன்ன பிறகு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தாய். ஒரு நாள் காலையில் எடை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாய், அவ்வளவுதான். காரியத்தன்று உன் அண்ணன் பந்தலிலேயே எல்லார் காதிலும் விழ, "நெஞ்சு நிக்கப்போவுதுன்னு சொல்லிச் சொல்லியே கொன்னான். ஏல மரத்தை ஒத்தையா அமுக்கத்தானே?" என்றார். சொல்லாமல் இருந்திருந்தால் நீ இன்னும் கொஞ்சம் நாள் நிம்மதியாக இருந்திருப்பாயோ என்று எனக்கே சந்தேகம். உன் சம்சாரம் அன்று தலை நிமிரவே இல்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று முடிவு கட்டி, ஒரு வருஷம் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

எனக்கு மெஷின் மாட்டின சேதி கேட்டு நேற்று அவளே கடைக்கு வந்துவிட்டாள். நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஏண்ணா, நெஞ்சுல மெஷின் மாட்டற வரைக்கும் எங்க வூட்டுப் பக்கம் வரமாட்டீங்களா?"

"எந்த மூஞ்சியோட வர்றதும்மா? நான் சொல்லித்தானே அவன்..."

"நீங்க சொல்லாம இருந்தீங்களே ஒரு மாசம், அப்ப அவரு தூங்கினாருன்னு நெனச்சீங்களா? 'அவன் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறான், திட்டக்கூட மாட்டேங்கறான், என்னமோ இருக்கு'ன்னு பொரண்டுகிட்டே கெடப்பாரு. நீங்க வந்து சொன்ன அன்னிக்குத்தான் கொறட்டை விட்டுத் தூங்கினாரு. நான்தான் முழிச்சிக் கெடந்தேன்."

மெதுவாக மரத்தைப் பற்றிக் கேட்டேன். உன் அண்ணன் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அது ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே பைக்குல போய் எல்லா மரத்தையும் பாத்துட்டு வந்தாருண்ணா. 'உச்சிக் கெளையெல்லாம் சூம்பிக் கெடக்குது, பாதி கூடத் தேறாது. அவன் எடுக்கட்டும்'னாரு. நீங்க எடுத்துட்டீங்கன்னதும் அன்னிக்கு முழுக்க ஒரே சிரிப்பு."

அடப்பாவி! அந்த வருஷம் பாதிதான் காய்த்தது. நீ டீக்கடையில் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "மகசூல் எப்படிடா?" என்று கேட்பாய். மானம் போகக்கூடாது என்று நானும் "பரவாயில்லடா" என்பேன். தலையை வேறு ஆட்டுவாய். பயந்து ஒதுங்கினவன் செய்கிற வேலையா இது? சாகப்போகிறவன் செய்கிற வேலையா? அவள் போன பிறகும் கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக நெஞ்சின் மேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

முடிவைச் சொல்கிறேன் என்றேனே. தலைசுற்றலுக்கு ரத்தம் கம்மியாக இருப்பதுதான் காரணமாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. எழுந்துவரும்போது, "அவன்கிட்ட நான் சொன்னது தப்பாங்க?" என்று கேட்டேன். "எடை கூடுதுன்னு மூணு தடவை அவரே நேரத்துக்கு வந்து சேர்ந்தாரு. தெரியாம இருந்திருந்தா வந்திருப்பாரா?" என்றார் டாக்டரம்மா.

இப்போது நானும் காலையில் கடையைத் திறந்ததும் தராசில் ஏறி நிற்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். எதிர்க்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே எடையைத் தாளின் முதுகில் எழுதுகிறேன். பிறகு மணிக்கட்டில் விரலை வைத்து மூச்சை இழுத்து விடுகிறேன். இழுத்தால் கொஞ்சம் வேகம், விட்டால் கொஞ்சம் மெதுவு.

ஒரே நிறமா இல்லடா மாப்ள. கையை வெக்கலாம்.