நாற்பத்தெட்டு ரூபாய்ச் சீட்டு

வியாழன், இரவு.

இரண்டு ரூபாய்க்காக என்மேல் வழக்கு. காலையில் நுகர்வோர் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, கடையில் சோப்பு அடுக்கிய தட்டில் நான் எழுதி ஒட்டிய விலை நாற்பத்தெட்டு. பில் மெஷின் போட்டது ஐம்பது. கம்பெனி விலையை ஏற்றியபோது சீட்டை மாற்ற மறந்திருக்கிறேன். வழக்குப் போட்டவர் எதிர்வீட்டு சலீம் இக்கா; இந்த ஊரில் அண்ணனை இக்கா என்பார்கள். மட்டாஞ்சேரியில் நான் கடை திறந்த அன்று முதல் போணி செய்தவர். என்னை 'மோளே', மகளே என்றுதான் கூப்பிடுவார்.

சாயங்காலம் வழக்கம்போல் வந்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு ரூபாயத் திருப்பித் தந்திருப்பேனே இக்கா."

"கேஸ் வேற, கடை வேற மோளே."

அதே சோப்பை எடுத்தார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார்.

கடையைப் பூட்டும்போதுதான் தட்டைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. சீட்டை நான் இன்னும் மாற்றவில்லை.