நடுவில் உன் பெயர்

கராமா, துபாய்
நவம்பர் 2007

செல்ல மகளுக்கு,

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். நீ தோட்டத்தில் பக்கத்து லயத்து வீடுகளில் விளையாடப் போயிருப்பதாகப் பெரியம்மா சொன்னாள். அவளுக்குப் பின்னால் உன் சிரிப்பு கேட்டது. பரவாயில்லை.

நான் வேலை செய்யும் இந்த வீட்டுக் குழந்தைக்குத் தியா என்று பெயர். பாஸ்போர்ட்டில் போட நடுப்பெயர் ஒன்றும் வேண்டும் என்று மேடமும் சாரும் ஒரு வாரம் தேடினார்கள். எதுவும் பொருந்தவில்லை. பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்த நான், "மேனுஜா?" என்றேன்.

"தியா மேனுஜா. நல்லா இருக்கே அக்கா, யாரு பேரு?"

"சும்மா வாயில வந்திச்சி மேடம்."

உன் பெயர் என்று சொன்னால் வைக்க மாட்டார்களோ என்று பயந்துவிட்டேன். கோபிக்காதே, மகள். இந்த ஆறு வருஷத்தில் உன் பெயரை இங்கே யாரும் கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு எட்டு மாதம். எல்லோரும் தியா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் ஆபீஸ் போனபிறகு நான் மட்டும் மேனுஜா என்கிறேன். உடனே திரும்பிப் பார்க்கிறாள்.

நீ பெரியம்மாவை அம்மா என்றே கூப்பிடு. அடுத்த வெள்ளி ஃபோனில் நான் உன் பெயரைச் சொல்லும்போது, "ம்" என்று மட்டும் ஒரு சத்தம் கொடு.

உன்னைப் பெற்றவள்