மூங்கில்மலைக் காடித் தேநீரும் அதனோடு வரும் சம்பந்தமும்

வானம் பருவம் தவறாமலும், ஆறு கரை மீறாமலும், குடிகளின் அடுப்பில் நெருப்பு அணையாமலும் இருக்கக் கோலோச்சும் குவளைநாட்டு வேந்தர் பெருமான் விறல்வேளார் திருவடிகளுக்கு, மூங்கில்மலை அடிவாரப் பாசறையிலிருந்து தண்டநாயகன் மருதங்கீரன் வணங்கி எழுதும் ஓலை. அரசியாருக்கும் அவையோருக்கும் நலம் பெருகுக.

எழுத்தாணி ஓலையைக் கிழித்த இடங்களைப் பெருமான் பொறுத்தருள்க; மகிழ்ச்சியில் விரைந்து எழுதுகிறேன். அவையில் வாய் திறவாதவன் என்று பேரெடுத்த அடியேனுக்கு இன்று ஓலை போதவில்லை.

மலைவழியைத் திறந்துவிட மறுத்த மூங்கில்மலைக் குடிகளின் ஊரை, மழை விட்டதும் எரித்துவிடுக என்ற கட்டளை வந்து சேர்ந்தது. மழை விட்டது. ஊர் எரியவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் பாசறையை வயிற்றுப்போக்கு பிடித்தது. ஈட்டி தூக்கிய கைகள் கஞ்சிக் கலயத்தைத் தூக்க முடியாமல் கிடந்தன. படை மருத்துவர் ஆதனாரும் படுத்துவிட்டார். அப்போது அம்மலையின் தலைவி செவத்தாள், தலையில் ஒரு மண்குடத்தோடு தனியாக இறங்கி வந்தாள். பகைவருக்கு உதவுவானேன் என்று வினவினேன். "எங்க ஓடைத் தண்ணியக் குடிச்சுட்டு நீங்க செத்தா, பழி ஓடை மேலதான விழும்? சாகணும்னா எங்க ஈட்டியில சாவுங்க. அது முறை" என்றாள்.

குடத்தில் இருந்தது காடித் தேநீர். தேயிலையைக் கொதிக்க வைத்து, வெல்லம் கரைத்து, ஆறியபின் பாலாடை போன்ற தடித்த படலம் ஒன்றை அதில் மிதக்கவிட்டு, துணியால் வாய்கட்டிப் புளிக்க வைக்கிறார்கள். சுவையோ, பழுத்த நாவலும் புளியும் கலந்து நாவில் சிறு பொறி தெறித்தாற்போல. பெருமானே, குடித்தவர்கள் எழுந்தார்கள்! கஞ்சியை வெறுத்தவர்கள் களி கேட்டார்கள். உண்டபின் வரும் வயிற்றுப் பொருமல் தணிந்தது. காலையில் உடலை அழுத்தும் சோர்வு போயிற்று. கள்ளை விடமுடியாத வில்லவர் சிலர் இதைக் குடித்துக் கள்ளை மறந்தார்கள். நீரைக் கொதிக்க வைத்ததாலா, புளிப்பாலா, இரண்டும் சேர்ந்தா என்று நெடுநேரம் யோசித்தேன். ஆதனாரும் அறியார். ஆனால், எழுந்ததும் ஓடைநீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாதென்று அவர் விதித்தார். காடித் தேநீரைச் சிறிதாகத் தொடங்கவேண்டும், சூல்கொண்டவர்க்கும் குழவிகளுக்கும் ஆகாது, செம்புக் கலத்தில் ஊற்றவே கூடாது என்றும் உரைத்தார்.

இனி எங்கள் பிழை. நம் சமையற்காரர் கோடன், படலத்தை அழுக்கென்று எண்ணி வடித்தெடுத்துக் கோவேறு கழுதைக்குப் போட்டுவிட்டார். மறுமுறை வந்த செவத்தாள் குடத்தை எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "வீட்டுக்கு வந்த மருமகளக் கழுதைக்குப் போட்ட மாமியார் வீட்ட இப்பத்தான்யா பாக்கறேன்."

படை சிரித்தது. பிறகே மலையின் வழக்கம் விளங்கிற்று. பழைய படலத்தைத் தாய் என்பார்கள். அதன்மேல் புதிதாகப் படர்வது மகள். மகளை எவரும் விலைக்குத் தருவதில்லை. பெண் கொடுப்பதுபோல் கொடுப்பார்கள்; கொண்ட வீடும் கொடுத்த வீடும் அன்றுமுதல் சம்பந்திகள். சம்பந்திமேல் ஆயுதம் எடுப்பதில்லை.

அவள் இன்னொரு மகளைக் கையில் ஏந்தி என்முன் நின்றாள். "தெரியாம வாங்கினது கணக்கில்ல. இப்ப தெரிஞ்சு சொல்லு. வாங்கினா சம்பந்தி. வாங்காட்டி, உடம்பு தேறினதும் சண்டைக்கு வா, நாங்க இருக்கோம்."

பெருமானின் கட்டளையை நினைத்தேன். அவள் தந்ததைக் குடித்து எழுந்தவர்கள் அவள் கூரையில் தீ வைப்பதையும் நினைத்துப் பார்த்தேன். பின்பு இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். "இனி மலைவழி உங்க வழி சம்பந்தி, சும்மா போங்க வாங்க. வழிய அதட்டிக் கேட்டீங்க, அதான் தரல" என்று சொல்லி, வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

படை இப்போது போருக்கு முழுத் தகுதியாக இருக்கிறது. வாள்கள் உறையில் இருக்கின்றன.

உணவுக்குப் பின் பெருமான் படும் வயிற்று வேதனையை அவை அறியும். இவ்வோலையோடு ஒரு மண்குடத்தில் காடித் தேநீரும், அதில் ஒரு மகளும் வருகின்றன. வழக்கத்தைச் சொல்லாமல் அனுப்பினால் மலைக்கும் பெருமானுக்கும் நல்லதென்று சிலர் கூறினர். அறியாமல் குடித்தது கணக்கில்லை என்று செவத்தாளே சொல்லிவிட்டதால், எல்லாவற்றையும் எழுதினேன்.

குடம் கொண்டுவரும் வீரன் அதைக் குலுக்காமலும் வெயில் படாமலும் கொணர்க. அரண்மனை மடைப்பள்ளியார் படலத்தை எறியாதிருக்க. மண்கலயத்தில் ஊற்றிப் பெருமானே பருகுக.

இவ்வோலைக்கு இலச்சினை இட்டபின், தண்டநாயக மோதிரத்தைக் குடத்தின் கழுத்தில் கட்டிவிடுவேன். பெருமான் பருகினால், மோதிரத்தோடு மஞ்சளும் உப்பும் மலைக்குச் சீராக அனுப்புக. பருகாவிடில், மோதிரம் வேறொருவர் விரலுக்கு ஆகுக. அவர் படையோடு வரும்போது நான் மலையில், பெண் வீட்டார் பக்கம் நிற்பேன்.

கோல் நிமிர்க. குடி வாழ்க. இது மருதங்கீரன் எழுத்து.