கெளுத்தி முள்

அக்கா,

காலையில் மேடவாக்கம் மார்க்கெட்டில் கெளுத்தி மீன் வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீ கூடை வைக்கும் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எதுவும் வாங்கப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன்.

நாம் பழகியது மீனால் இல்லை, வியாதியால். தாம்பரத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் லூப்பஸ், ஒரே மாத்திரை. வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதற்கு, "மீன்காரி ஏசி ரூம்ல குந்திகினா விக்க முடியும்?" என்று நீ கேட்டதில் அவரே சிரித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் ரத்தத்தில் இருக்கிற டி செல் என்ற வெள்ளணுவைப் பற்றிச் சொன்னார். கிருமியோடு சண்டை போடும் டி செல்கள் உண்டு. 'போதும், நிறுத்து' என்று அவற்றை அடக்குகிற டி செல்களும் உண்டு. நம் உடம்பில் அடக்குகிற கூட்டம் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் சண்டைக்காரர்கள் சொந்த மூட்டுகளையும் சிறுநீரகத்தையுமே தாக்குகிறார்கள் என்றார்.

"சண்டைய வெலக்க ஆள் இல்ல, அவ்ளோதானே சார்?" என்றாய்.

"அதேதான்மா. அதனால மாத்திரை கொடுத்து சண்டைக்காரங்களையே அடக்கி வைக்கிறோம். ஆனா நிஜமாவே கிருமி வந்தா எதிர்க்க ஆள் கம்மி. சின்னக் காயம்னாலும் உடனே வந்துடணும்."

தலையைத் தலையை ஆட்டினாய். ஆனால் கெளுத்தி முள் குத்துவதெல்லாம் உன் கணக்கில் காயமா? அன்றைக்கு முள் கையில் ஏறியும் மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரத்தை முடித்திருக்கிறாய். போனில் நான் பதறியபோது, "இன்னாத்துக்குப் பேஜார் பண்ற? எங்க வூட்ல யாருக்குத்தான் முள்ளு குத்தல?" என்று என் வாயை அடைத்தாய். அவர்கள் கைக்குள் சண்டை போட ஆள் இருந்தது, அக்கா. உன் கைக்குள் மாத்திரை அந்தச் சண்டைக்காரர்களைத் தூங்க வைத்திருந்தது.

கை வீங்கி, காய்ச்சல் ஏறி, பேச்சு குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் வந்து பார்ப்பதற்குள் போய்விட்டாய். பாவி, அப்படி என்ன அவசரம் உனக்கு? நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. பிறகு அழுகைதான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ஊரப்பாக்கத்துக் காலேஜ் பெண் ஒருத்தி. அவளுக்கும் நம் வியாதிதான். விரலில் பிளாஸ்திரி.

"கண்ணாடி கிழிச்சிடுச்சு ஆன்ட்டி. ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

அந்த 'ஒண்ணுமில்ல' எனக்குத் தாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, வரிசையை மீறி, டாக்டர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பின்னால் எல்லோரும் கத்தினார்கள். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண், "என்னை இழுக்க நீங்க யாரு? பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டினாள்.

திட்டட்டும், அக்கா. உயிரோடு இருந்து திட்டட்டும்.