துணியில் இருக்கும் வீடு

நசோலோ, ஃபிஜி
மார்ச் 4

அன்புள்ள ஃப்ரெயா அக்காவுக்கு,

அசினாத்தே எழுதுவது. நானும் அப்பாவும் நலம். வெயிலில் உரிந்த உங்கள் மூக்கு ஆறிவிட்டதா?

நீங்கள் எங்கள் ஊரில் இருந்தபோது நான் உங்களிடம் பேசியதே இல்லை. பேச வராது. பள்ளியைப் பாதியில் விட்டவள்; எழுதினால் கொஞ்சம் வருகிறது.

பெண்கள் சேர்ந்து மரப்பட்டைத் துணியில் ஊரை வரைந்தோமே, அதைப் பற்றித்தான். "அளவெல்லாம் வேண்டாம். ஊர் உங்க மனசுல எப்படி இருக்கோ அப்படி வரைங்க, என் புவியியல் ஆராய்ச்சிக்கு அதுதான் வேணும்" என்றீர்கள். நான் அம்மா இருந்த காலத்து வீட்டை வரைந்தேன். வாசலில் அகலமான மணல், அம்மா மீன் கழுவிய பாறை. லூசியானா சித்திகூடக் கேட்டாள், "ஏண்டி, உன் வீட்டுக்கு மட்டும் எங்கேர்ந்து இவ்வளவு மணல்? கடல் என்ன உனக்கு மாமனா?"

இப்போது அங்கே மணல் இல்லை. கடல் ஏற்றத்தில் தண்ணீர் படிக்கட்டைத் தொடுகிறது.

வீடுகளை மேட்டுக்கு மாற்றும் அதிகாரி வந்தார். தலைவர் எங்கள் மரியாதை முறைப்படி கவா வேரை அவர் முன்னால் வைத்து, ஊர் சார்பில் அந்தத் துணியைக் கொடுத்தார். அதிகாரி கூடத்தில் உட்கார்ந்தே துணியைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டைக் காட்டி, "இங்க நிறைய மணல் இருக்கே. இவங்க அடுத்த வருஷம் போனா போதும்" என்று சொல்லிப் படகேறிவிட்டார். கவா வைத்துக் கொடுத்ததை ஊரார் யாரும் தப்பு என்று சொல்லக்கூடாது. தலைவருக்கு அவமானம்.

நீங்கள் வெளியூர். நீங்கள் சொல்லலாம். அந்த மணல் இப்போது இல்லை என்று அதிகாரிக்கு ஒரு வரி எழுதுங்கள், அக்கா.

உங்கள்
அசினாத்தே


பிரிஸ்பேன்
ஏப்ரல் 19

அன்புத் தங்கை அசினாத்தேவுக்கு,

மூக்கு ஆறிவிட்டது! உன் கடிதம் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

அதிகாரி துணியை இங்கே அருங்காட்சியகத்தில் நடக்கும் எங்கள் கண்காட்சிக்கு இரவல் தந்திருக்கிறார். எல்லோரும் உன் மணல் முன்னால்தான் நிற்கிறார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டார். மனதில் இருக்கும் இடமும் இடம்தான் என்று உன் வீட்டை வைத்தே கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கண்காட்சி முடிந்ததும் அதிகாரிக்கு எழுதுகிறேன். கவலைப்படாதே. அப்பாவுக்கு என் அன்பு.

ஃப்ரெயா


நசோலோ
ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் பெரிய ஏற்றம் வந்தது. வீடு போய்விட்டது. வீட்டுப் பக்கத்தில் இருந்த அம்மாவின் கல்லறையும் போய்விட்டது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவினார். லூசியானா சித்திதான் இழுத்து வந்தாள். "விடு அத்தான், அவ அங்க இல்ல" என்றாள்.

மற்றவர்கள் மேட்டில் புது வீடுகளில் இருக்கிறார்கள். நாங்கள் சர்ச் கூடத்தில் படுக்கிறோம். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஒரே ஒரு உதவி. துணியில் எங்கள் வீட்டின் மேல் நீலம் பூசிவிடுங்கள். அந்த மணலைப் பார்த்து யாரும் அழகு என்று சொல்ல வேண்டாம்.

அசினாத்தே


பிரிஸ்பேன்
ஜூலை 2

என் அன்பு அசினாத்தேவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதிகாரிக்கு நேற்றுதான் எழுதினேன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

துணியைத் தொட எனக்கு அனுமதி இல்லை, தங்கை. அருங்காட்சியகம் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது. கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே உன் வீடு பத்திரமாக இருக்கும்.

இந்தப் பொட்டலத்தில் சாயமும், கெட்டியான துணி ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். இப்போது உன் மனதில் இருப்பதை வரைந்து அனுப்புவாயா?

ஃப்ரெயா


நசோலோ
ஆகஸ்ட் 20

ஃப்ரெயா அக்காவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. சாயத்தைச் சித்தி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கூடத்துக்குக் கதவு இல்லை. காற்று நேராக உள்ளே வருகிறது. நீங்கள் அனுப்பிய துணியை அப்பா போர்த்திக்கொள்கிறார். கால் மட்டும் வெளியே இருக்கிறது.

வரைவதற்கு இனி வேறு துணி அனுப்ப வேண்டாம்.

அசினாத்தே