ஓர் இஞ்ச் முன்னால்

1977 மே 8, ஞாயிறு

இன்றும் தோற்றேன். என்னுடைய ‘ஆழ்வார்திருநகரி’ மூன்றாவது சுற்றிலேயே மூழ்கிவிட்டது. விரல் நீள ஈயக் கப்பல். பக்கவாட்டில் பெயர் எழுத இடம் போதாமல் ‘நகரி’ பின்பக்கம் போய்விட்ட கப்பல். மூழ்கடித்தவர் வழக்கம்போல ரோச்.

ஞாயிற்றுக்கிழமை எபனேசரின் அச்சகத்துக்கு விடுமுறை. மூன்று மணிக்கு எபனேசர், ரோச், துணிக்கடை வடிவு அண்ணாச்சி, நான் என்று நான்கு பேரும் பின் ஹாலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் தவழ ஆரம்பிப்போம். தெரியாதவன் எட்டிப் பார்த்தால் நான்கு நடுவயசுக்காரர்கள் தொலைந்த மூக்குத்தியைத் தேடுகிறார்கள் என்று நினைப்பான். எங்களுக்கு அது கடல். தேய்ந்த அச்செழுத்துகளை உருக்கி எபனேசர் வார்த்த கப்பல்கள். எப்போதோ ஒரு வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி அவனிடம் விட்டுப்போன விதிப்புத்தகம். ‘ஞாயிறு கப்பற்படை’ என்று பெயர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் செயலாளர்.

விதி எளிது. சுடுகிறவர் எதிரிக் கப்பல் எத்தனை இஞ்ச் தூரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டுச் சீட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் டேப் வைத்து அளப்பது. எழுதியதும் அளந்ததும் ஒன்றானால் அடி. இல்லாவிட்டால் குண்டு தண்ணீரில்.

நான் 41 எழுதினேன். அளந்தால் 42. 27 எழுதினேன். 28. ரோச் 33 எழுதினார். அளந்தால் முப்பத்துமூன்றேதான்!

நான் பத்தொன்பது வருடமாகத் துறைமுக ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். இஞ்சில்தான் சோறு தின்கிறேன். ரோச் அங்கேயே லாஞ்சுப் படகு ஓட்டும் சாரங்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எப்படி?

மே 15, ஞாயிறு

38 எழுதினேன். 39. ரோச் மூன்று தடவை சுட்டார், மூன்றும் அடி.

மே 17, செவ்வாய்

ஆபீஸ் ஸ்டீல் டேப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாகச் சோதித்தேன். கட்டிலிலிருந்து பீரோ, பீரோவிலிருந்து தையல் மிஷின், மிஷினிலிருந்து வாசற்படி. பத்தில் எட்டு அச்சாகச் சரி. பார்த்துக்கொண்டே இருந்த என் மனைவி ஜெபசெல்வி, “கட்டிலுக்கும் பீரோவுக்கும் என்ன சண்டை?” என்று கேட்டாள்.

என் கண்ணில் குறையில்லை. அப்படியானால் குறை அந்த ஹாலில் இருக்கிறது.

மே 22, ஞாயிறு

கண்டுபிடித்தேன். தரை ஓடு! ஒவ்வொன்றும் எட்டு இஞ்ச் சதுரம். ரோச் ஓடுகளை எண்ணுகிறார். பார்க்காததுபோலப் பார்த்தேன் — உதடு அசைகிறது.

ஜூன் 5, ஞாயிறு

துணிக்கடை அருணாசலவடிவு அண்ணாச்சியிடம் சொல்லி நீலப் படுதா ஒன்று தைத்து வாங்கித் தரை முழுக்க விரித்தேன். ஓடு ஒன்றுகூடத் தெரியவில்லை. ரோச் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு சார், கடலு மாதிரியே இருக்கு” என்றார். அதில் கேலி இருந்ததா?

அதற்குப் பிறகு நான்கு தடவை சுட்டார். நான்கும் அடி.

ஜூன் 12, ஞாயிறு

சந்தேகம் இப்போது எபனேசர் மேல். எழுத வெட்கமாக இருக்கிறது. நாசரேத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஆனால் நடுவர் அவன்தான், எதிரிக் கப்பல் பக்கம் குனிந்து டேப்பில் எண்ணைப் படிக்கிறவனும் அவன்தான். எனக்கு ஒன்று கூட்டிப் படித்தால் யாருக்குத் தெரியும்? நான் எழுதும்போது இரண்டு தடவை இருமினான்.

சுடும் கப்பல் பக்கம் டேப்பின் தலையைப் பிடிப்பது நான். டேப் என்னுடையது, அந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை. முதல் நாள் ரோச் என் கட்டைவிரலைக் குனிந்து பார்த்து, “ஒண்ணாம் நம்பர்லயா சார் பிடிக்கணும்?” என்று கேட்டது ஞாபகம் வருகிறது. முனையில் பித்தளைப் பூண் ஆடும், அளவு தெரிந்தவன் முனையை நம்ப மாட்டான், ஒன்றிலிருந்துதான் பிடிப்பான், அதுதான் முறை என்று பொறுமையாக விளக்கினேன். “சரி சார்” என்றார். டேப் பிடிக்கவே என்னிடம் கற்றுக்கொண்ட மனிதர்!

ஜூன் 26, ஞாயிறு

டேப் படிக்கும் வேலையை எபனேசரிடமிருந்து எடுத்து வடிவு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். “வாரம் பூரா அளக்கேன். ஞாயித்துக்கெழமையும் அளக்கணுமா?” என்று முனகினார்.

நான் ஓர் இஞ்ச் குறைவு. ரோச் அடி.

ஆக, எபனேசர் சுத்தம். அல்லது வடிவும் கூட்டா?

இல்லை. அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஜூலை 10, ஞாயிறு

பார்த்துவிட்டேன். தூரத்தை எழுதுவதற்கு முன் ரோச்சின் வலது கை சட்டைப் பைக்குள் போகிறது. உள்ளே விரல்கள் எதையோ நகர்த்துகின்றன, ஒவ்வொன்றாக. வெளியே வந்ததும் எழுதுகிறார். ஏழு தடவை சுட்டார், ஏழு தடவையும் அப்படியே.

முடிச்சுப் போட்ட கயிறு. இஞ்சுக்கு ஒரு முடிச்சு. வேறு என்னவாக இருக்க முடியும்? கடலில் ஆழம் பார்க்கிறவர்களுக்கு முடிச்சு புதிதா?

சந்தோஷமாக இருக்கிறது. மனிதனுக்கு இதில்கூடச் சந்தோஷம் வரும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 31, ஞாயிறு

ரோச் வரவில்லை. பனிமய மாதா திருவிழா, ஐந்தாம் தேதி வரை கோவிலே கதி. நாங்கள் மூவரும் பதினாறு குண்டு போட்டோம். ஒன்றுகூடப் படவில்லை. கயிறு இல்லாதவனுக்கு இவ்வளவுதான் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

ரோச்சின் கை பைக்குள் போனது. “கையை வெறுமனே எடுக்காதீங்க ரோச். உள்ள இருக்கிறதோட வெளியே எடுங்க, கயிறுதானே?” என்றேன். எபனேசர், “ஏலே கிருபா, என்னலே இது?” என்றான்.

ரோச் என்னையே பார்த்தார். பிறகு எடுத்துப் படுதாவின் மேல், இரண்டு கப்பற்படைக்கும் நடுவில் வைத்தார். கறுப்பு மணி ஜெபமாலை. விரல் பட்டுப் பட்டு மணிகள் வழவழப்பாகியிருந்தன.

“குண்டு போடுததுக்கு முன்னால ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன். அவ்வளவுதான் சார்.”

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜெபமாலை கிடையாது, எங்கள் சபையில் கிடையாது. என் கைக்கு அது என்னவென்று தெரியாது. அதனாலா? என் வாய், “மணிக்கு மணி எவ்வளவு இடைவெளின்னு அளந்து பார்த்துரலாமா?” என்று கேட்டது. டேப்பை எடுத்து நீட்டவும் செய்தேன்.

ரோச் மாலையை எடுத்து முத்தமிட்டுப் பைக்குள் வைத்தார். தன் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ‘கீழவைப்பார்’ கவிழ்ந்து கிடந்தது, அதை நிமிர்த்தி வைத்தார். பெட்டியை எபனேசரிடம் கொடுத்துவிட்டு, “வாரேன் அண்ணாச்சி” என்று அவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

ஆனால் மணிகள் ஒரே இடைவெளியில்தானே இருந்தன?

ஆகஸ்ட் 21, ஞாயிறு

மூவர். எபனேசர் என்னோடு பேசவில்லை. வடிவு அண்ணாச்சி, “ரோச் இல்லாம யாரு யாரை அடிக்கது?” என்று கொட்டாவி விட்டார்.

செப்டம்பர் 10, சனி

ஜெபசெல்வி முன் ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நேற்று நான் ஸ்டூலில் ஏறி டேப்பின் தலையைப் பிடித்தேன், அவள் கீழே எண்ணைப் படித்தாள். இன்று மாட்டினால் திரை ஓர் இஞ்ச் தரையில் புரளுகிறது.

“மேல எங்கன பிடிச்சீங்க?”

“ஒண்ணுலதான்.”

“அப்ப ஒண்ணைக் கழின்னு சொல்ல வேண்டாமா? மேல நீங்க பிடிச்சது கீழ நிக்கிற எனக்கு எப்படித் தெரியும்?”

திரையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசில் டேப்பைப் பிடிப்பதும் நான், படிப்பதும் நான். ஒன்றில் பிடிப்பேன், வந்த எண்ணில் ஒன்றைக் கழிப்பேன். கழிக்கிறேன் என்று எனக்கே தெரியாது, அவ்வளவு பழக்கம். அச்சகத்தில் பிடிக்கிறவன் நான், படிக்கிறவன் வேறு ஆள். யாரும் கழிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த ஹாலில் ஒவ்வொரு தூரமும் ஓர் இஞ்ச் கூடுதல். நான் எழுதிய 41 உண்மையிலேயே 41.

ஏமாற்றியது யார் என்று நாலு மாதமாகத் தேடினேன். என் கட்டைவிரல்.

செப்டம்பர் 11, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். முதலில் சரிபார்த்துவிடலாம் என்று முனையிலேயே பிடித்தேன். 36 எழுதினேன். வடிவு அண்ணாச்சி குனிந்து, “முப்பத்தாறு! அடி!” என்று கத்தினார். அடுத்ததும் அடி. அதற்கடுத்ததும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு எபனேசர் என்னிடம் வாய் திறந்தான். “ரோச் போனதும் உன் குறி திரும்பிட்டுதே. அப்ப நீ சொன்னதுல என்னமோ இருந்திருக்கு போல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 13, செவ்வாய்

சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, ஞாயிறு

ஐந்து குண்டு, ஐந்தும் அடி. சொல்லவில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்

மேலே ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்தேன். கீழே லாஞ்சு கட்டும் இடத்தில் யாரோ, “ஏலே, கயிறு ரோச்சு எங்கலே?” என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வடிவு அண்ணாச்சி கடையில் வைத்துப் பேசியிருக்கிறார், பேச்சு துறைமுகம் வரை வந்துவிட்டது. ரோச் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை, வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்த மனிதரை நம்பிக் கப்பலுக்கு ஆள் ஏற்றியிருக்கிறார்கள். என் ஒரு வார்த்தை அவர் பேரையே மாற்றிவிட்டது.

மத்தியானம் இறங்கிப் போனேன்.

“ரோச், நான் டேப்பை ஒண்ணுல பிடிச்சிருக்கேன். இத்தனை நாளும்.”

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“மொத நாளே கேட்டேன்லா? அதுதான் மொறைன்னு சொன்னிய. சரி, இவுக கணக்குல கடலு ஒரு இஞ்சு நீளம் போலன்னு, கண்ணு சொல்லுததோட ஒண்ணு கூட்டி எழுதுவேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுதாகன்னு நெனச்சேன்.”

“அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே!”

ரோச் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எப்படி எழுதுதேன்னு நீங்க கேக்கலியே சார். பையில என்ன இருக்குன்னுதான கேட்டிய.”

மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட என்னத்துக்கு? ஒங்க பேச்சக் கேட்டவுகளுக்குச் சொல்லுங்க” என்றார். கப்பல் ஒன்று ஊதியது. லாஞ்சில் ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பர் 25, ஞாயிறு

சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன். டேப்பை ஒன்றில் பிடித்துக் காட்டி, முனையில் பிடித்துக் காட்டி, இரண்டு வாரமாக மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். வடிவு அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு, தான் கடையில் பேசியது ஞாபகம் வந்து முகம் தொங்கிப்போனது. எபனேசர் சிரிக்கவே இல்லை. “உன்னை மாதிரி ஒருத்தன் பேச்சை நம்பினேனே” என்றான். செயலாளர் நோட்டையும் டேப்பையும் அவனிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 27, செவ்வாய்

லாஞ்சு ஆட்கள் டீ குடிக்கும் நேரம் போய் அவர்களிடமும் சொன்னேன். பாதிப் பேருக்கு என்ன விளையாட்டென்றே புரியவில்லை. ஈயக் கப்பலுக்கா சார் இவ்வளவு என்று ஒருவன் கேட்டான். நான் தப்பு, ரோச் சரி என்பது மட்டும் புரிந்தால் போதும் என்றேன்.

அக்டோபர் 2, ஞாயிறு

வரவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

வரவில்லை. அவர் பெட்டியைத் திறந்து கப்பல்களைத் துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 23, ஞாயிறு

மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ரோச். “மழ வரும்போல இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எபனேசர் பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினான். வடிவு அண்ணாச்சி கடையிலிருந்து டீ வரவழைத்தார், கேட்காமலே இரண்டாவது டம்ளரும்.

இப்போது டேப்பின் தலையை எபனேசர் பிடிக்கிறான், முனையிலிருந்து. ரோச்சின் முதல் குண்டு என் ‘ஆழ்வார்திருநகரி’க்கு. 35 எழுதினார். அளந்தால் 34. குண்டு கப்பலைத் தாண்டித் தண்ணீரில். இரண்டாவதும் ஓர் இஞ்ச் தாண்டியது. சீட்டைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். “ரெண்டு வருசப் பழக்கம்லா. போவ மாட்டேங்கு.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஒன்பது தடவை சுட்டார். ஒரு தடவைகூட அவர் கை சட்டைப் பைக்குப் போகவில்லை.