சொந்த மனிசிக்கே அவுட் கொடுத்த நடுவருக்கு

இஞ்சாருங்கோ,

சாப்பிட்டீங்களா என்று கேட்டுத்தான் உங்களோடு எதையும் பேசத் தொடங்குவேன். கேட்காமல் எழுதக் கை வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். நம் மாரிக்காலப் பேஸ்போல் போட்டி இந்த ஜனவரியிலும் நடந்தது. நீங்கள் எங்களை விட்டுக் கண்மூடிப் போன பிறகு நடந்த முதல் போட்டி. அதை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

நோர்வேயிலிருந்து வந்த ஒரு பிள்ளை, பனி கொட்டும் நாட்டில் எந்த விசரன் மாரியில் பேஸ்போல் வைத்தான் என்று கேட்டாள். "என்ர மனிசன்தான் பிள்ளை" என்றேன். பாவம், அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் இருத்திக் கதை முழுவதையும் சொன்னேன்.

பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்த ரமோனில் தொடங்கினேன். டொமினிக்கன் நாட்டுக்காரன். அவன் இங்கே வந்த முதல் ஜனவரியில் சாப்பாட்டு அறை யன்னலால் பனியைப் பார்த்தபடி, தன் நாட்டில் இப்போதுதான் பேஸ்போல் காலம், ஊரே மைதானத்தில் இருக்கும் என்று சொன்னானாம். நீங்கள் அன்றைக்கே பாடசாலை விளையாட்டு மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களுக்குக் கேட்டு வாங்கிவிட்டீர்கள். யன்னல் உடையாத மென்பந்து. ஓடித் தொடும் பேஸ்களுக்குப் பழைய கம்பளத் துண்டுகள். ரமோன் விதிகளை இந்த நாட்டு டேனிஷ் மொழியில் சொல்ல, நீங்கள் தமிழில் சொல்ல, ஆண்கள் பாதி விளங்கி ஓடினார்கள்.

நாங்கள் பெண்கள் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தவர்கள். பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கை துறுதுறுத்தது. பள்ளிக்கூடத்தில், மட்டையால் பந்தடித்து ஓடும் எல்லே விளையாடியவள் அல்லவா? மட்டையை வாங்கி ஓர் அடி. பந்து கூரை விளக்கில் போய் மோதியது. ரமோன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். அடுத்த கிழமையிலிருந்து பெண்களும் அணியில்.

நோர்வேயிலிருந்து உங்கள் தம்பி ஓர் அணியோடு இரண்டு வான் வண்டிகளில் வந்த வருடம், பதாகையில் 'அனைத்துலக' என்று பெரிதாக எழுதினீர்கள். நம் அணியில் ஆடும் தேவா கேட்டான்:

"ரெண்டு வான் வந்தா அனைத்துலகமோ அண்ணை?"

"இப்ப எழுதி வைப்பம். உலகம் பிறகு வரும்."

வந்தது. ஜெர்மனியிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள், பிறகு ஒல்லாந்திலிருந்தும். ஆனால் அவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். ஜெர்மன் அணியோடு நடந்த அந்த இறுதி ஆட்டம். மூன்றாம் பேஸிலிருந்து நான் பறந்து வந்து, பந்தோடு நின்றவன் என்னைத் தொடுமுன், ஓட்டம் முடியும் ஹோம் பேஸில் காலை வைத்தேன். அந்த ஓட்டம் சரியென்றால் ஆட்டம் சமன். நடுவராக நின்ற நீங்கள் கையை மடக்கிக் கத்தினீர்கள்: "அவுட்!"

"எந்தக் கண்ணால பாத்தனீங்கள்?" என்று கேட்டேன், மண்டபமே கேட்க.

"ரெண்டு கண்ணாலயும்."

கிண்ணம் ஜெர்மனிக்குப் போனது. வீட்டில் சோற்றை மேசையில் வைத்துவிட்டு நான் அறைக்குள் போய்விட்டேன். "நான் கண்டதைச் சொன்னனான், ரெஜினா" என்றீர்கள். அடுத்த கிழமை ஜெர்மன் அணித் தலைவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, சொந்த மனிசிக்கே அவுட் குடுக்கிற ஆள் நிக்கிற இடத்தில எங்களுக்கு என்ன பயம்? வாற வருசம் ரெண்டு அணியோட வாறம்." நான் காலை வைத்தது உண்மை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அன்று அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களிடம் சொன்னேனா?

நீங்கள் போன பிறகு எல்லாரும் கூடினோம். நடுவர் இல்லாமல் போட்டி இல்லை; வேறு யார் நின்றாலும் ஏதாவதோர் அணி நம்பி வராது. நிறுத்திவிடுவோம் என்று தேவாவே சொன்னான். அப்போது நம் மகள் மெலனி எழும்பினாள். என்ன கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்பவள், அன்று தமிழில் சொன்னாள்: "நான் நிக்கிறன்."

"சனம் கத்திக் குளறினா நீ பயந்திடுவாய் பிள்ளை" என்றான் தேவா.

"நான் எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவில வேலை செய்யிறன், மாமா. குளறலுக்குப் பயமில்லை."

நோர்வே அணித் தலைவி சுதாவிடம் கேட்டோம். "அவரின்ர மகள் எண்டால் எங்களுக்குச் சம்மதம்" என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் நோர்வேக்கும். ஓர் ஓட்டம் நாங்கள் முன்னே. இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் கிண்ணம் நமக்கு. அவர்களின் பெண்ணொருத்தி ஹோமுக்கு ஓடி வந்தாள். பந்தைப் பிடித்த நம் வினோ அவளைத் தொட்டான். மெலனி "அவுட்!" என்றாள். மண்டபம் அதிர்ந்தது. தேவா கிண்ணத்தைத் தூக்கியே விட்டான்.

மெலனி மட்டும் அசையவில்லை. வினோவின் காலடியில் பந்து கிடந்தது.

"வினோ, தொடேக்க பந்து கையில இருந்ததோ?"

அவன் குனிந்துகொண்டான். "இல்லை அக்கா."

அவள் இரண்டு கையையும் உயர்த்தினாள். "நான் பிழையாச் சொல்லிட்டன். அவுட் இல்லை. ஓட்டம் சரி."

"சொன்னதை மாத்தக் கூடாது!" என்று தேவா கத்தினான். "உன்ர அப்பா ஒருநாளும் மாத்தினதில்லை!"

"பிழை எண்டு தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பார், மாமா."

மாற்றியிருப்பீர்களா? எனக்குத் தெரியாது. ஆட்டம் சமனானது; அடுத்து வந்தவள் அடித்த அடியில் நோர்வே வென்றது. நான் எழும்பி நின்று கைதட்டினேன். பிறகு வினோ தட்டினான். பிறகு மண்டபமே தட்டியது. கடைசியில் தேவா ஒரு தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்து மெலனியின் கையில் வைத்தான். "சாப்பிடு பிள்ளை. காலமையில இருந்து நிக்கிறாய்."

வரும் வழியில் காருக்குள் கேட்டாள், அப்பா கோவிப்பாரா என்று. மாட்டார் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்? உங்களைப் போலவே நிற்பாள் என்று நினைத்துத்தான் மண்டபத்துக்குப் போனேன். அவள் தன்னைப் போல நின்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு செய்தி. நோர்வேயிலும் வாற மாரியில் ஒரு போட்டி தொடங்குகிறார்கள். நடுவராக மெலனியைத்தான் சுதா கேட்டிருக்கிறாள். பக்கத்து ஊர் ஹேர்னிங்கைத் தாண்டி நான் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். இம்முறை நோர்வேக்குக் கப்பல் ஏறும் துறைவரை நான்தான் ஓட்டுவேன், பனி பெய்தாலும். அவள் பின் இருக்கையில் நன்றாக நித்திரை கொள்ளட்டும். போய் இறங்கியதும் அவளுக்குக் கண் தெளிவாக இருக்க வேண்டும். சொன்னபடி செய்வேன்.

என்றும் உங்கள் மனிசி,
மெலனியின் அம்மா,
ரெஜினா
பிராண்டே